வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்-இல் கடைசியில் கிடந்த அணி, அதே சீசனில் எப்படி சாம்பியன் ஆனது?

2019 ஜனவரி 3 காலையில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் 31 அணிகளில் கடைசி. ஜூன் 12 இரவு சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை அவர்கள் கையில்.

சீசன் இரண்டு துண்டு. முதலில் லீக் ஆட்டங்கள், அந்த சீசனில் 82: வென்றால் 2 புள்ளி, கூடுதல் நேரத்தில் தோற்றாலும் 1. அதில் தேறும் 16 அணிகளுக்கு பிளே-ஆஃப், நான்கு சுற்று. ஒவ்வொன்றிலும் முதலில் 4 ஆட்டம் வெல்பவர் மேலே போவார். லீக் புள்ளி இங்கே செல்லாது. பிரிலிம்ஸ் மதிப்பெண் மெயின்ஸுக்குள் நுழைய மட்டும் உதவுகிறதே, அப்படி.

ஆனால் நுழையவே ப்ளூஸுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டார். ஜனவரி 7-இல் முதன்முறை தொடக்கத்திலிருந்தே கோல் காக்க நின்ற ஜோர்டன் பின்னிங்டன், ஒரு கோலும் விடவில்லை. இறுதிச் சுற்றின் 7-வது ஆட்டத்தில் எதிரணியான பாஸ்டனின் 33 கோல் முயற்சிகளில் 32-ஐத் தடுத்தார்.

லீக்கில் முதலிடம் என்றால் சாம்பியன் என்று பலர் நினைப்பதுண்டு. அந்த ஆண்டு 62 ஆட்டம் வென்று முதலிடம் பிடித்த டாம்பா பே அணி, முதல் சுற்றிலேயே 0-4 என வெளியேறியது.