வளவைத் தாண்டாத வைஃபை: காரைக்குடி அண்ணனுக்குப் பதில்

அண்ணே, கேபிள் டிவியை வெட்டிவிட்டு, தியேட்டருக்கும் முழுக்குப் போட்டாச்சு, ஆனால் இரண்டாம் கட்டு டிவியில் படம் சுத்திக்கிட்டே நிற்குது என்கிறீர்கள். 100 எம்பிபிஎஸ் பிளான் தாராளம். 4கேவுக்கே 25 போதும். ரௌட்டர் வீட்டு முகப்பில் இருக்கிறது. நடுவிலுள்ள தடித்த சுவர்களில் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை செத்துவிடும். போனை இரண்டு இடத்திலும் வைத்து வேகம் பாருங்கள், புரியும்.

ரிப்பீட்டர், அதாவது வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் பெட்டி, வேண்டாம். நொண்டிச் சிக்னலைத்தான் அதுவும் திருப்பிக் கொடுக்கும்.

முகப்பு ரௌட்டரிலிருந்து இரண்டாம் கட்டுக்கு கேட்6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுங்கள், 100 மீட்டர் வரை தாங்கும். உறையில் 'சிசிஏ' என்றிருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வளைத்தால் ஒடியும். முழுச் செம்பாகக் கேளுங்கள். தரையின் ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க வேண்டியதில்லை. வளவின் (நடு முற்றத்தின்) தாழ்வார உத்திரத்தை ஒட்டிக் கொண்டுபோகலாம். சாரல் அடிக்கும் இடத்தில் பிவிசி குழாய். கரண்ட் வயர் போகும் குழாயில் மட்டும் நுழைக்காதீர்கள்.

டிவி பக்கம் பழைய ரௌட்டரே போதும். முகப்பு ரௌட்டரின் ஐபி முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுத்து, டிஹெச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதியை) அணைத்து, கேபிளை லேன் துளையில் செருகுங்கள். இணைய இணைப்புக்கான வான் (WAN) துளையில் செருகினால் தனி நெட்வொர்க் ஆகி, முகப்பில் இருக்கும் போனிலிருந்து டிவிக்கு காஸ்ட் ஆகாது, அதாவது போன் படத்தை டிவிக்கு அனுப்ப முடியாது. பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அந்தப் பழைய ரௌட்டரிலிருந்து டிவிக்கும் ஒரு சின்ன கேபிள் போட்டுவிடுங்கள்.