புதிய பதிப்பில் பிடிஎஃப் ஏற்றுமதி முடியாமல் தொங்கி நிற்கிறது. எந்த மாற்றம் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய பதிப்பில் சில நொடியில் முடிந்த ஏற்றுமதி இப்போது முடிவதே இல்லை, நடுவில் நூற்றுக்கணக்கான கமிட்கள் (நிரலில் பதிவான மாற்றங்கள்) இருக்கின்றன, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் எழுதிய ஓர் அறிக்கை மென்பொருளில் இதே சிக்கலோடு நான்கு நாள் போராடினேன். அதில் மூன்று நாள் கமிட்களை ஒவ்வொன்றாகப் படித்தே வீணானது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

முதலில், நிரல் ஓடிக்கொண்டிருக்கிறதா, எதற்காவது காத்திருக்கிறதா என்று பாருங்கள். சிபியு பயன்பாடு பூஜ்யத்தில் கிடந்தால் ஏதோ ஒரு பூட்டுக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருக்கிறது. ஒரு கோர் முழுதாக 100 சதவீதத்தில் ஓடினால், முடியாமல் திரும்பத் திரும்ப ஓடும் சுழல்தான். அப்போது ஜிடிபி (gdb) என்ற பிழைத்திருத்தியை இணைத்து, சில நொடி இடைவெளியில் நான்கைந்து முறை ஸ்டாக்கை, அதாவது எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற அடுக்கை, எடுத்து ஒப்பிடுங்கள். வெளியே உள்ள சட்டகங்கள் (அடுக்கில் ஒவ்வோர் அழைப்பும் ஒரு சட்டகம்) மாறாது, உள்ளே உள்ளவை மாறிக்கொண்டே இருக்கும். மாறாதவற்றில் கடைசியாக நிற்கும் செயற்கூறில்தான் பெரும்பாலும் சுழல் இருக்கும்.

எங்களுக்கு அது பக்க அமைப்பைக் கணக்கிடும் செயற்கூறாக இருந்தது. பிடிஎஃப் எழுதும் பகுதிக்கு நிரல் போய்ச் சேரவே இல்லை! திரையில் ஆவணம் ஒழுங்காகத் திறந்ததற்கும் காரணம் இதுதான்: திரைக்குக் கண்ணில் படும் பக்கங்களை மட்டும் அடுக்கினால் போதும், ஏற்றுமதிக்குக் கடைசிப் பக்கம் வரை அடுக்கியாக வேண்டும்.

அப்புறம் ஆவணத்தைச் சுருக்கினேன். பாதியை அழிப்பது, இன்னும் தொங்குகிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் மறுபாதியை எடுப்பது. 180 பக்கம் கடைசியில் இரண்டு பக்கமாகியது: ஓர் அட்டவணை, அதன் கடைசி வரிசையில் ஓர் அடிக்குறிப்பு. அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்க்க வேண்டாம். பெரிய ஆவணத்தோடு தேடினால், வேறு காரணத்தால் மெதுவான கமிட்டையும் குற்றவாளி என்று பிடித்துவிடுவோம்.

அடுத்தது கிட் பைசெக்ட்: நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் உள்ள கமிட்டைச் சோதிக்க எடுத்துத் தரும் கட்டளை. எங்களிடம் சுமார் 900 கமிட்கள் இருந்தன. ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைவதால் பத்து சோதனையில் முடிந்துவிடும். பைசெக்ட் ரன்னுக்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட் கொடுத்தால் அதுவே ஓட்டிக்கொள்ளும். நல்ல பதிப்பில் மூன்று நொடி ஆனதால், டைம்அவுட் கட்டளையில் 60 நொடி வைத்தேன். நேரம் தாண்டினால் டைம்அவுட் தரும் வெளியேற்ற எண் (முடியும்போது திருப்பித் தரும் எண்) 124, பைசெக்ட் அதைக் கெட்டது என்றே எடுத்துக்கொள்ளும். பில்ட் ஆகாத, அதாவது ஓடும் நிரலாகத் தொகுக்க முடியாத, கமிட்டுக்கு 125 கொடுங்கள், தாண்டிப் போகும். டைம்அவுட்டைக் கில் சிக்னலோடு (நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தும் சிக்னல்) பயன்படுத்தினால் 137 வரும். 127க்கு மேல் எது வந்தாலும் பைசெக்ட் அங்கேயே நின்றுவிடும் என்பதால், ஸ்கிரிப்டுக்குள்ளேயே அதை 1 ஆக மாற்றிவிடுங்கள். எனக்கு இது தெரியாமல் ஓர் இரவு போயிற்று.

நீங்கள் தேடுவது லிப்ரெஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் என்றால் பில்ட் செய்யவே வேண்டாம். முன்பே பில்ட் செய்த பதிப்புகளை அடுக்கி வைத்த பைபிசெக்ட் களஞ்சியங்கள் அவர்களிடம் உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் புதிய பயனர் புரொஃபைல் (உங்கள் அமைப்புகள் இருக்கும் கோப்புறை) கொடுங்கள். தொங்கிய பழைய நிரல் பின்னணியில் உயிரோடு இருந்தால், அதே புரொஃபைலில் தொடங்கும் அடுத்த சோதனை அதனிடமே போய்விடும், முடிவும் தப்பாகிவிடும்.

எங்களுக்குக் கிடைத்த கமிட், வரிசை உயரத்தை முழு எண்ணாக்கும் முறையை ஓரிடத்தில் மட்டும் மாற்றியிருந்தது. தனியாகப் பார்த்தால் சரியான மாற்றம், எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்னோரிடத்தில் பழைய முறையே இருந்தது. ஒரு கணக்கில் வரிசைக்கு இடம் இருந்தது, மற்றதில் இல்லை. அடிக்குறிப்பு அடுத்த பக்கம் போனதும் வரிசை மேலே ஏறும், வரிசை ஏறியதும் அடிக்குறிப்பு பின்னாலேயே திரும்பி வரும், வந்ததும் இடம் போதாமல் இரண்டும் மீண்டும் இறங்கும்.

இரண்டு இடத்திலும் ஒரே முறையை வைத்ததும் ஏற்றுமதி மூன்று நொடிக்குத் திரும்பியது. அந்த இரண்டு பக்க ஆவணம் இப்போது எங்கள் சோதனைத் தொகுப்பில், 60 நொடி வரம்போடு ஒவ்வொரு பில்டிலும் ஓடுகிறது.