வெயிலில் கண்ணைச் சுருக்கும் வெள்ளை இகுவானா

கேள்வி: எட்டு மாத அல்பினோ இகுவானா, அதாவது பிறவியிலேயே நிறமி இல்லாத பெரிய ஓணான் வகை, வளர்க்கிறேன். பகலில் பாதிக் கண்ணை மூடியே கிடக்கிறது. கீரையைக் கவ்வப் போய்த் தட்டின் விளிம்பைக் கடிக்கிறது. விற்றவர் ‘சொட்டு மருந்து விடுங்க, சரியாயிடும்’ என்கிறார். பார்வை போய்விடுமா டாக்டர்? - குடியாத்தம் வாசகர்

பதில்: அல்பினோ என்பதால் மட்டும் போகாது. இது பிறவிக் கூச்சம். நாளாக நாளாக முற்றும் நோயல்ல. ஆனால் எந்தச் சொட்டு மருந்தாலும் மாறாது. கண்ணுக்குள் வெளிச்சத்தை மட்டுப்படுத்துவது மெலனின் என்ற கருநிறமி. அது இல்லாததால் கண்மணி வழியாக மட்டுமின்றி, சுற்றியுள்ள வெளிர்சிவப்பு வளையத்தின் ஊடாகவும் ஒளி புகுந்து உள்ளே சிதறுகிறது. தட்டு விளிம்பைக் கடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். சாயங்காலம் விளக்கைக் குறைத்துவிட்டு, ஒரு சிவப்புச் செம்பருத்திப் பூவை முன்னால் நீட்டுங்கள். இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வந்து கவ்வினால் அது வெறும் கூச்சம். நிழலிலும் திறக்காவிட்டால், ஒரு கண் மட்டும் மூடினால், இமை வீங்கினால், நீர் வடிந்தால் அது வேறு நோய். மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அடுத்தது விளக்கு. சுருள் வடிவச் சின்ன யுவி (புற ஊதாக் கதிர்) பல்பைக் கூண்டின் பக்கவாட்டில் மாட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள். அதை மிக அருகில் வைத்தால் நல்ல கண்ணுக்கே புண் வரும். நீளமான ட்யூப் வகையை வாங்கி, அட்டையில் போட்டிருக்கும் தூரத்தில், தலைக்கு மேலே மாட்டுங்கள். பாதிக் கூண்டு நிழலாக இருக்கட்டும். அதற்காக முழு இருட்டிலும் வைக்காதீர்கள். யுவி இல்லாமல் எலும்பு வளைந்துவிடும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் எலும்புக்கு வேண்டிய அந்த யுவி இல்லை. வெளியே விடுவதென்றால் காலை ஏழு, எட்டு மணி வெயிலில் விடுங்கள். வேலூர்ப் பக்கத்து மே மாத மொட்டைமாடியில் மத்தியானம் விட்டால் கண் இருக்கட்டும், உயிரே போய்விடும்.

சொட்டு மருந்து விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. மருந்துக் கடையில் ‘கண் சிவப்புக்கு’ என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்ததைத் தந்துவிடுகிறார்கள். கருவிழியில் புண் இருந்தால் அது புண்ணை மேலும் ஆழமாக்கிவிடும். விற்றவர் வைத்தியராக முடியாது.

இன்னொரு ஏமாற்று: வெள்ளையாக இருப்பதெல்லாம் அல்பினோ அல்ல. உடல் வெளுத்து, கண் மட்டும் கறுப்பாகவோ நீலமாகவோ இருக்கும் வகை உண்டு; லூசிஸ்டிக் என்பார்கள். அதன் கண்ணில் நிறமி இருக்கிறது, வெளிச்சம் கூசாது. கறுப்புக் கண்ணுள்ள வெள்ளைப் பிராணி கண்ணைச் சுருக்கினால், ‘அல்பினோன்னா அப்படித்தான் சார்’ என்ற தரகர் பேச்சை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அது நோய்தான். சிவந்த கண்ணா, கறுத்த கண்ணா? முதலில் இதைப் பாருங்கள்.

மருத்துவர் எங்கே என்பீர்கள். நியாயம்தான். ஆடு மாடு பார்க்கும் இடத்துக்கு இகுவானாவைத் தூக்கிப் போனால் ‘ஓணானுக்கா வைத்தியம்?’ என்று சிரிக்கிறார்கள். ஊர்வன பார்க்கத் தெரிந்தவரைத் தேடி சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டிய நிலை. ஆனால் பிராணியை அரசிடம் பதிவது மட்டும் கட்டாயம்! பச்சை இகுவானா, அரிய உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 விதிகளும் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதியச் சொல்கின்றன. வாங்கிய ரசீது உங்களிடம் இல்லையென்றால் இந்த வாரமே விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். ‘அப்புறம் வாட்ஸ்அப்ல அனுப்புறேன்’ என்பவரிடம் அடுத்த பிராணிக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.