சபா கேன்டீன் இல்லாத ஊர்ல மூணு நாள்

வாசகர் கேள்வி - பதில்

தை மாசம் ஊட்டியில ஒரு இசை மாநாடு நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சதுமே லெட்டர் குவிய ஆரம்பிச்சிருச்சு. நான் இந்த ஊர்க்காரிங்கறதால எடிட்டர் மொத்தக் கட்டையும் என் தலையில கட்டிட்டார். எல்லாத்துக்கும் பதில் எழுத எடம் இல்ல, அஞ்ச மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, மாநாட்டுக்கு நானும் என் ஸ்டூடன்ட்ஸ் நாலு பேரும் வர்றோம். காலையில 10 மணிக்கு கட்டுரை வாசிப்பு, லெக்-டெம் (பாடிக் காட்டி விளக்கற பேச்சு), சாயங்காலம் கச்சேரி. ஹால் சேரிங்கிராஸ் பக்கம்தான். எங்க சாப்பிடறது? நடுவுல தொட்டபெட்டா, பைக்காரா, அவலாஞ்சி எல்லாம் பாத்துடலாமா? (வீணை டீச்சர், கும்பகோணம்)

மொதல்ல அந்த லிஸ்ட்ட மடிச்சு பையில வைங்க டீச்சர். தொட்டபெட்டா 2,637 மீட்டர் ஒசரம், நல்ல எடந்தான், யாரு இல்லன்னா? ஆனா பொங்கல் லீவுக்கூட்டத்துல அந்த ரோட்ல வண்டி நிக்கற வரிசையப் பாத்தீங்கன்னா மத்தியானம் போனவங்க சாயங்காலக் கச்சேரிக்குக் கடைசியில துக்கடா பாடற நேரத்துக்குத்தான் வந்து சேருவாங்க. மாநாட்டுக்கு வர்றவங்களுக்கு ஊட்டியில ஒரே நேரந்தான் சொந்தம், காலையில ஏழுலேர்ந்து ஒன்பதரை வரைக்கும். அந்த நேரத்துல வண்டியே எடுக்காதீங்க, நடங்க.

குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டுக்கிட்டு சேரிங்கிராஸ்ல ஆடம்ஸ் பவுண்டன் கிட்ட நில்லுங்க. 1881ல இங்கயே இறந்துபோன மெட்ராஸ் கவர்னர் ஆடம் ஞாபகமா 1886ல வச்சது அது. அங்கேர்ந்து மேட்டுல ஏறினா நீலகிரி லைப்ரரி, 1859ல ஆரம்பிச்சது, கட்டடம் சிசோம் போட்ட டிசைன், அதான் மெட்ராஸ் யுனிவர்சிட்டி செனட் ஹவுஸைக் கட்டின அதே ஆள். உள்ள மெம்பருங்களுக்குத்தான், நீங்க வெளிய நின்னு பாத்தாலே போதும். அதுக்கும் அந்தாண்ட செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச், 1830ஆம் வருஷத்தது. உள்ள போனா அண்ணாந்து பாருங்க, அந்த மரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனையில இருந்து கழட்டி மலையேத்தினது. எனக்கு அங்க போனா சாமி ஞாபகத்த விட அந்த உத்தரத்தச் சொமந்து வந்தவங்க ஞாபகந்தான் வரும்.

ரெண்டாம் நாள் கார்டன். பொட்டானிக்கல் கார்டன்னு நீங்க சொல்வீங்க, நாங்க கார்டன்னு மட்டும்தான் சொல்வோம். 1848ல மெக்ஐவர்ங்கற ஆள் போட்டது, 22 ஹெக்டேர். பூவெல்லாம் மே மாசந்தான் பிரமாதம், தையில புல்லும் மரமுந்தான். கல்லாப்போன ஒரு மரத்துண்டு கெடக்கு, ரெண்டு கோடி வருஷம் பழசு, அத மட்டும் தவறவிடாதீங்க.

இப்ப சாப்பாடு. இங்கதான் சென்னைக்காரங்களும் தஞ்சாவூர்க்காரங்களும் ஏமாந்து போறது. சபா கேன்டீன் மாதிரி ஹால் பின்னாடி வாழையிலையும் காசி அல்வாவும் காத்துக்கிட்டிருக்கும்னு நெனைக்காதீங்க. இட்லி, தோசை, மீல்ஸுக்கு சேரிங்கிராஸ்லயும் கமர்ஷியல் ரோட்லயும் சைவ ஹோட்டல் நெறைய இருக்கு, ருசியில பெரிசா வித்தியாசம் இல்ல, நேரத்துலதான் வித்தியாசம். போன வருஷம் என் தங்கச்சி குடும்பத்த ஒரு சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு ஒரு பேர்பெற்ற ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போனேன், சீட்டுக்கே அம்பது நிமிஷம், உக்காந்தா ரசம் தீந்துபோச்சுங்கறாங்க, சாதம் வேற சில்லுன்னு வருது, தங்கச்சி வீட்டுக்காரர் இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்காட்றார். அதனால 12:15க்குப் போங்க, இல்லாட்டி ரெண்டரைக்கு மேல போங்க. நடுவுல போகவே போகாதீங்க.

ராத்திரி இன்னும் மோசம். குளிரூர்ல ஒன்பது மணிக்கெல்லாம் பாதி கடை ஷட்டர எறக்கிடும். கச்சேரி எட்டரைக்கு மங்களம்னா நீங்க செருப்பத் தேடி மாட்டறதுக்குள்ள ஊர் தூங்கிடும். நான் என்ன பண்ணுவேன்னா ஆறு மணிக்கே நல்லா சாப்பிட்டுட்டுத்தான் கச்சேரிக்குப் போவேன். பாடப்போறது நாம இல்லையே, வயிறு நெறைஞ்சிருந்தா என்ன. ஸ்டூடன்ட்ஸ்ல அசைவம் சாப்பிடறவங்க இருந்தா ஒரு நாள் கமிஷனர்ஸ் ரோட்ல ஷின்கோஸ் அனுப்புங்க, 1954லேர்ந்து இருக்கற சைனீஸ் ஹோட்டல், ஊட்டியில படிச்ச யாரக் கேட்டாலும் அவங்க மொதமொத நூடுல்ஸ் தின்னது அங்கன்னுதான் சொல்லுவாங்க.

சாயங்காலம் நாலு மணிக்கு இடைவேளை விட்டா மட்டும் ஹால் வாசல் காப்பிய நம்பாம மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடைக்கு வாங்க. வர்க்கி கேளுங்க. 2023ல புவிசார் குறியீடு கெடச்ச பண்டம், வெறகு அடுப்புல சுடறது, பாத்தா கரடுமுரடா கோணலா இருக்கும். ஓரத்தப் பிட்டீங்கன்னா ஏடு ஏடா உதுந்து சேலையெல்லாம் தூளாகும், பரவால்ல. டீயில முக்கறதுலதான் சூட்சுமம். ஆதி தாளத்துல ரெண்டு அட்சரம், அவ்ளோதான், எடுத்துடணும். மூணாவது விரல் மடக்கறதுக்குள்ள பாதி வர்க்கி கிளாஸ் அடியில போய் உக்காந்துக்கும், அப்புறம் ஸ்பூன் கேட்டா டீக்கடைக்காரர் சிரிப்பார்.

கேள்வி: மேடம், ஊட்டிக் குளிர்ல மிருதங்கம் என்ன ஆகும்? போன தடவை ஒரு மலையூர்ல வாசிச்சப்ப சுருதியே நிக்கல. (மிருதங்க வித்வான், மதுரை)

நான் வித்வான் இல்லீங்க, ஆனா எங்க வீட்ல தங்கிட்டுப் போன வித்வான்கள் பட்ட பாட்டப் பாத்தவ. ஈரக்காத்துல தோல் தளரும், சுருதி எறங்கும், அது உங்களுக்குத் தெரியாததில்ல. எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா ரூம் ஹீட்டர் பக்கத்துல கொண்டுபோய் வைக்கறது. அனல்ல தோல் காஞ்சு வெடிக்க ஆரம்பிச்சா புதுசா மூட்டறதுக்கு இங்க ஆள் கெடைக்காது. ஒறைய மூடி ரூம்லயே வைங்க, ராத்திரி கார்ல விடாதீங்க, கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஹாலுக்குள்ள கொண்டுபோய் அந்தக் காத்துக்குப் பழக விடுங்க, கூட்டம் வந்து உக்காந்தா ஹால் சூடு மறுபடி மாறும், அதனால கல்லும் கட்டையும் கையிலயே இருக்கட்டும்.

பக்கத்துல புல்லாங்குழல்காரர் இருந்தா அவர்கிட்டயும் சொல்லிடுங்க. பத்து டிகிரி குளிர் கூடினா குழல் சுருதி கிட்டத்தட்ட அரை ஸ்வரத்துல மூணுல ஒரு பங்கு எறங்கும், மூச்சு பட்டு சூடானா பழைய எடத்துக்கு ஏறும். கும்பகோணம் டீச்சருக்கும் ஒரு வார்த்தை: வீணையில மெட்டுங்களப் புடிச்சு வைக்கற மெழுகுக்கு எமன் ஊட்டிக் குளிர் இல்ல, மேட்டுப்பாளையத்துல டிபன் சாப்பிடறேன்னு வெயில்ல நிறுத்தற கார்தான்.

கேள்வி: நான் இசை ஆராய்ச்சி மாணவன். மாநாட்டுல கர்நாடக சங்கீதம்தான் முழுக்க. நீலகிரிக்குன்னு சொந்தமா இருக்கற இசைய எங்க கேக்கலாம்? (சென்னை)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம் தம்பி.

இந்த மலையோட வித்வான்கள் கோத்தர்கள்ங்கற பழங்குடிங்க. ஏழு ஊர்தான் அவங்களுக்கு, ஊரைக் கோக்கால்னு சொல்வாங்க, கோத்தகிரிங்கற பேரே அவங்களால வந்ததுதான். கொல்லு வேலை, மண்பானை, வாத்தியம், மூணுமே அவங்க கைவசம். முன்னெல்லாம் இதே மலையில இருக்கற தோடர் வீட்டுச் சாவுக்கும் படுகர் வீட்டுச் சாவுக்கும் கோத்தர்தான் போய் வாசிக்கணும், பதிலுக்குத் தானியம், நெய்யின்னு வரும். அந்தக் கொடுக்கல் வாங்கலெல்லாம் போன நூற்றாண்டுலயே அறுந்துபோச்சு, ஆனா வாசிப்பு நிக்கல, அவங்க ஊருக்குள்ள அவங்க சாமிக்கும் அவங்க சாவுக்கும் இன்னைக்கும் வாசிக்கறாங்க. கொள்னு ஒரு குழல், நம்ம நாதஸ்வரம் மாதிரி சீவாளி வச்சு ஊதறது, கூட தபட்டை மாதிரி வட்டத் தோல்வாத்தியம், ரெண்டு பக்கமும் அடிக்கற மேளம், வளைஞ்ச கொம்பு. சாமிக்கு வாசிக்கற மெட்டு வேற, சாவுக்கு வேற, ஆட்டத்துக்கு வேற. சாவு மெட்ட சும்மா ஒரு மத்தியானத்துல வாசிச்சுக் காட்டுங்கன்னு போய்க் கேக்காதீங்க, முகாரி பாடுங்கன்னு கல்யாண வீட்ல கேட்ட மாதிரி ஆகிடும்.

மார்கழி, தை வாக்குல அவங்க அய்யனோர் அம்மனோர் திருவிழா வரும். நீங்க வர்ற நாள்ல அமைஞ்சா அதிர்ஷ்டம். ஆனா அது ஷோ இல்ல, ஊர்க்காரங்க யாராவது கூப்பிட்டாத்தான் போகணும், செருப்பக் கழட்டணும், கோயில் பக்கம் செல்போன நீட்டக்கூடாது. ரெக்கார்டர மடியில வச்சுக்கிட்டு முன்வரிசையில உக்காரணும்னு நெனைக்கற ஆளா இருந்தா சேரிங்கிராஸ்லயே இருங்க.

தோடர் பாட்டு வேற ரகம். சின்னச் சின்னத் தொடரா, ஜோடி ஜோடியா அடுக்கிக்கிட்டே போவாங்க. பரோவும் எமனோவும் போட்ட திராவிட அகராதியப் பொரட்டியிருப்பீங்களே, அந்த எமனோதான் 1930கள்ல இங்க வந்து தங்கி தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் எழுதி எடுத்தவர்.

ஒரு நாள் மத்தியானம் கட்டடிக்க முடிஞ்சா முத்தோரை பாலாடா பஸ் ஏறுங்க, 10 கிலோமீட்டர்தான். பழங்குடியினர் ஆய்வு மையத்தோட மியூசியம் அங்க இருக்கு. அந்தப் பக்கமே மலைச்சரிவுல கம்பிவலை கட்டின மாதிரி நீளமா ஒண்ணு தெரியும், அது 1970லேர்ந்து இருக்கற ரேடியோ டெலஸ்கோப், 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஏன் இங்க வச்சாங்கன்னா அந்தச் சரிவோட சாய்வும் ஊட்டியோட அட்சரேகையும் ஒண்ணு, 11 டிகிரி சொச்சம், அதனால நீள அச்சுல திருப்பினாலே போதும், வானத்துல ஓடற ஒண்ண மணிக்கணக்கா தொடர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கலாம். சுருதி சேத்து வச்ச மலை. கட்டுரையில இந்த வரிய சுட்டுக்கலாம், கோச்சுக்க மாட்டேன்.

கேள்வி: கார்ல வரலாமா, மலை ரயில்லயா? (சேலம்)

கார்ல வந்தா இ-பாஸ் எடுக்கணும், 2024 மே 7லேர்ந்து கட்டாயம், ஐகோர்ட் உத்தரவு. கவர்மென்ட் பஸ்ல வந்தா அந்தத் தலைவலி இல்ல. மேட்டுப்பாளையத்துல காலையில கெளம்பற மலை ரயில் 46 கிலோமீட்டர ஏற மத்தியானம் ஆக்கிடும், டிக்கெட்டும் லேசுல கெடைக்காது. சோத்துக்கும் வேணும் ஊறுகாய்க்கும் வேணும்னா ஒண்ணு பண்ணுங்க, பஸ்ல குன்னூர் வரைக்கும் வந்துட்டு அங்கேர்ந்து ஊட்டிக்கு ரயில் ஏறுங்க. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல்னு ஒரு மணி நேரத்துப் பயணம். பல்சக்கரம் போட்டு ஏறற அழகு கல்லாறு - குன்னூர் பகுதியிலதான், அது போச்சு, ஆனா கேத்திப் பள்ளத்தாக்கு கெடைக்கும். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வராதீங்க, செக்போஸ்ட்ல புடுங்கிடுவாங்க, எவர்சில்வர் பாட்டில் போதும்.

கேள்வி: படுகர் சாப்பாடு ஹோட்டல்ல கெடைக்குமா? அப்படியே மாமியார் தைலமும் சாக்லேட்டும் கேட்டிருக்காங்க. (திருநெல்வேலி)

படுகர் சமையல் வீட்டுச் சமையல், ராகி ஹிட்டும் (களி) அவரை உதக்கவும் (கொழம்பு) போர்டு எழுதிப் போட்டு விக்கற எடம் ரொம்பக் கம்மி. ஹட்டியில, அதான் படுகர் ஊர்ல, யாராவது சிநேகிதம் இருந்தா வெக்கப்படாம சாப்பிட வர்றேன்னு சொல்லிடுங்க, கொழம்புக்குப் போடற மாசு ஹுடிங்கற மசாலாப் பொடி ஒரு டப்பா கேட்டு வாங்கிக்கோங்க, அதான் உசிரு. சாக்லேட்டுக்கு எல்லாரும் சொல்ற கடை கிங் ஸ்டார், 1942லேர்ந்து இருக்கு. தைலம் ரோட்டோரத்துல லிட்டர் கணக்குல மலிவா விக்கறத வாங்காதீங்க, நல்ல கடையில சின்ன பாட்டில் வாங்கி மூடிய இறுக்கித் தனியா ஒரு கவர்ல வைங்க. பட்டுப்பொடவைக்குள்ள சொருகிட்டு எறங்கினா குன்னூர் வர்றதுக்குள்ள பெட்டியே தைலமாயிரும், பாத்துக்கோங்க.