நாலாவதா வந்த வீடியோவை ஏன் அழிச்சனீங்கள்?

கேள்வி: அக்கா, எனக்கு முள்ளியவளைப் பக்கம். மகளுக்கு 14 வயசு, 800 மீற்றர் ஓடுறவள். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில 2 நிமிசம் 46 செக்கனில முதலாவதா வந்தவள், வீடியோவை பிரான்ஸில இருக்கிற தகப்பனுக்கு அனுப்பினன், அவர் சொந்தக்காரர் எல்லாருக்கும் போட்டு சரியான சந்தோசம். பேந்து வலயத்தில நாலாவது. சேர் 2.41 எண்டு சொன்னவர், எண்டாலும் நாலாவதுதானே. அந்த வீடியோவை போனில இடமில்லாததால அழிச்சிட்டன். இப்ப பிராக்டிசுக்கு வெளிக்கிட்டா வயித்து நோ எண்டுறாள். அஞ்சல் ஓட்ட அணியிலயும் இருக்கிறாள். எங்கட மாவட்டத்தில எழுபது தாண்டின அம்மாவே தங்கம் எடுத்தவா எண்டு சொல்லியும் பார்த்தன். தகப்பனுக்கு அவளின்ர மெடல்தான் ஒரு ஆறுதல். போட்டி மனப்பான்மை வர என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, போனில இடமில்லை எண்டு எழுதியிருக்கிறியள் பாருங்கோ, எனக்கு அதுக்கு அங்கால வாசிக்க மனம் வரேல்ல. கோயில் திருவிழா வீடியோ அந்தப் போனில இருக்கும், கலியாண வீட்டு வீடியோ இருக்கும், ஆரோ அனுப்பின குட் மோர்னிங் படமும் கிடக்கும். பிள்ளை ஓடின ரெண்டே முக்கால் நிமிசத்துக்குத்தான் இடம் இல்லாமப் போச்சு. அவளுக்குத் தெரியாதெண்டு நினைக்காதேங்கோ, 14 வயசுப் பெட்டை அம்மான்ர போனைப் பார்க்காம இருக்கிறவளோ? முதலாவது வீடியோ இருக்கு, நாலாவது இல்லை எண்டு அவள் எப்பவோ கண்டிருப்பாள்.

நீங்களே எழுதின கணக்கைப் பாருங்கோ. 2.46 ஓடினதை பிரான்ஸ் வரைக்கும் அனுப்பினனீங்கள், 2.41 ஓடினதை அழிச்சனீங்கள். 800 மீற்றரில 5 செக்கன் குறைக்கிறது லேசுப்பட்ட வேலையோ, அந்த வேகத்தில அது கிட்டத்தட்ட 25 மீற்றர், அதாவது இல்லப் போட்டியில ஓடின தன்னையே அவள் 25 மீற்றர் பின்னால விட்டிட்டு வந்து நிக்கிறாள், நீங்கள் அவளுக்கு முன்னால போன மூண்டு பேரைத்தான் எண்ணிக்கொண்டு நிண்டிருக்கிறியள்!

ஜோன் நிக்கல்ஸ் எண்ட உளவியல் ஆராய்ச்சியாளர் 1980களிலயே இதை விளக்கமா எழுதியிருக்கிறார். நான் கெட்டிக்காரி எண்டதை ஆக்கள் ரெண்டு மாதிரி அளக்கினம், ஒண்டு நேற்றையில இருந்து இண்டைக்கு எவ்வளவு முன்னேறினன் எண்டு, மற்றது மற்றவையை வெண்டனானோ எண்டு. ரெண்டாவது அளவுகோலை மட்டும் பிடிச்சிருக்கிற பிள்ளை தோக்கத் தொடங்கின உடன விலகத்தான் பார்க்கும், ஏனெண்டா ஓடாட்டி தோக்கத் தேவையில்லை. உங்கட மகளின்ர கையில அந்த அளவுகோலைக் குடுத்தது நீங்கள்தான்.

போட்டி மனப்பான்மை கேக்கிறியள். 1988இல டயான் கில்லும் தோமஸ் டீட்டரும் விளையாட்டுக்காரருக்கெண்டு ஒரு கேள்விக்கொத்து செய்தவை, அதில போட்டியில இறங்குற ஆசை வேற, வெல்லோணும் எண்ட வெறி வேற, தன்ர இலக்கை எட்டோணும் எண்டது வேற எண்டு மூண்டாப் பிரிச்சிருக்கினம். வலயம் வரைக்கும் போய் முன்னையவிட கெதியா ஓடின பிள்ளைக்கு முதலாவதும் மூண்டாவதும் இருக்கு, நீங்கள் ரெண்டாவதைத்தான் தேடுறியள். அதைத் தள்ளித் தள்ளி ஏத்தினா என்ன நடக்கும் எண்டதும் பழைய கதைதான். 1898இல நோர்மன் ட்ரிப்லெட் எண்டவர் 40 பிள்ளையளை மீன்பிடி ரீல் சுத்த விட்டுப் பார்த்தவர், பக்கத்தில போட்டிக்கு ஆள் நிக்கேக்க 20 பேர் கெதியாச் சுத்தினவை, 10 பேருக்கு வித்தியாசமில்லை, மற்ற 10 பேர் பதகளிச்சு கை குழம்பி முந்தியவிட மோசமாச் செய்தவை. எட்வேர்ட் டெசியும் மற்றவையும் 1981இல புதிர் விளையாட்டு ஒண்டு குடுத்து, பக்கத்தில இருக்கிறவரை வெல்லுங்கோ எண்டு சிலருக்குச் சொல்லிச்சினம், அப்பிடிச் சொல்லப்பட்டவை பிறகு தனிய விட்ட நேரத்தில அந்தப் புதிரை மற்றவையைவிடக் குறைவாத்தான் தொட்டவை. விருப்பம் அப்பிடித்தான் போறது.

அந்த எழுபது தாண்டின அம்மா, அகிலத்திருநாயகி அம்மா, 2023இல பிலிப்பைன்ஸில போய் ஓடித் தங்கம் எடுத்தவா. அவவின்ர பேரைச் சொல்லி பிள்ளைக்கு அடிக்காதேங்கோ. அந்த வயசிலயும் ஒரு ஆள் ஓட இறங்கோணும் எண்டா ஓட்டத்தில விருப்பம் மிஞ்சி இருக்கோணும், 14இலயே அதைக் கருக்கிப்போட்டு எழுபதைப் பற்றி என்ன கதை.

தகப்பனுக்கு ஆறுதல் எண்டு எழுதினதுக்கும் சொல்லுறன், கோவிக்கிறதெண்டா கோவியுங்கோ. வெளிநாட்டில தனிய நிண்டு உழைக்கிற மனுசனை ஆறுதல்படுத்துறது பெண்சாதி நீங்கள் செய்யவேண்டிய வேலை. பிள்ளையின்ர காலில அதைக் கட்டி விடேலாது. 2009க்குப் பிறகு வன்னியில நாங்கள் எல்லாரும் இந்தப் பிழையைத்தான் செய்யிறம், எங்களுக்குப் போனது எல்லாத்தையும் பிள்ளையள் ஓடியும் படிச்சும் பிடிச்சுத் தரோணும் எண்டு நிக்கிறம். தாய் தகப்பன் பிள்ளைக்குச் செய்யிற கடமையில முதல் கடமை, அது செய்யிறதை வடிவாப் பார்க்கிறது. மெடல் இருந்தாத்தான் பார்ப்பன் எண்டா அது பார்க்கிறது இல்லை.

முதலில பிள்ளையை ஆசுப்பத்திரியில காட்டுங்கோ, வயித்து நோவை நடிப்பெண்டு நீங்களா முடிவெடுக்கக் கூடாது. பிறகு போனில அழிச்சதுகள் கிடக்கிற இடத்தில அந்த வீடியோ இன்னும் இருக்கோ எண்டு தேடுங்கோ. இல்லாட்டி, வேற ஆரும் எடுத்திருக்கினமோ எண்டு சேரிட்டக் கேளுங்கோ. கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அழிச்சது பிழை எண்டு அவளின்ர முகத்தைப் பார்த்துச் சொல்லோணும், அம்மா பிள்ளையிட்ட மன்னிப்புக் கேட்டா மரியாதை குறையாது. தகப்பனிட்டயும் 2.41ஐச் சொல்லுங்கோ, எத்தினையாவது எண்டு அவர் கேக்க முதல் அந்த 5 செக்கனைச் சொல்லுங்கோ.

800 இனி ஓடுறதோ விடுறதோ அவளின்ர முடிவு. ஆனா அஞ்சல் அப்பிடியில்லை, அதில இன்னும் மூண்டு பிள்ளையள் அவளை நம்பி நிக்குதுகள். விலகிறதெண்டா வயித்து நோவைச் சாட்டாமல் அவளே போய் சேரிட்டயும் அந்த மூண்டு பேரிட்டயும் நேர சொல்லட்டும். நீங்கள் அவளுக்காகப் போய்க் கதைக்காதேங்கோ.