விடிய விடியத் திறக்கும் கடையில் மது விற்கலாமா? ஊர் இரண்டுபட்டால் என்ன செய்வது?

கேள்வி: செட்டிநாட்டில் எங்கள் ஊரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்து இரவு முழுக்க நடக்கும் கடை போடப் போகிறார்கள். மதுவும் கிடைக்கும் என்று பேச்சு. ஊரில் பாதிப் பேர் வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வந்திருப்பது இரவுக் கடையா, மதுக்கடையா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கிடம் மட்டுமே இருக்கிறது. மளிகைக் கடைக்கோ சூப்பர் மார்க்கெட்டுக்கோ அந்த உரிமம் கிடையாது. டாஸ்மாக் கடையும் பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரைதான் திறந்திருக்கும். ஆகவே நள்ளிரவில் பாட்டில் விற்கும் கடைக்கு ஊர் அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்ற விவாதமே தேவையில்லை. அது குற்றம். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் 10581 எண்ணில் புகார் சொல்லலாம்.

வரப்போவது டாஸ்மாக் கடைதான் என்றால் தூரத்தை அளக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன 2003 சில்லறை விற்பனை விதிகள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனபோது சுற்றுவட்டார ஊர்கள் சில அதில் சேர்ந்தன. உங்கள் ஊரும் அதில் இருந்தால் 100 மீட்டரை நம்பி மனு எழுதாதீர்கள்.

பலர் கோட்டை விடுவது அளக்கும் முறையில்தான். செல்போன் வரைபடத்தில் நேர்கோடு போட்டு 60 மீட்டர் என்று எழுதிவிடுவார்கள், அதிகாரி வந்து அளந்தால் 130 இருக்கும். கடை வாசலின் நடுவிலிருந்து கோயில் அல்லது பள்ளியின் அருகிலுள்ள வாசல் நடு வரை, ஆள் வழக்கமாக நடந்து போகும் மிகக் குறுகிய பாதையில் அளக்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் இது பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டினால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முகப்புக்கு எதிரிலேயே கோயில் இருந்தாலும், கடை பின்வாசலில் திறந்தால் தெருவையே சுற்றி வந்துதான் அளக்க வேண்டும். பின்கட்டைக் கேட்டு வாங்குவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். 30 மீட்டர் நாடாவால் இருவர் அளந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் படம் எடுத்து, கைவரைபடம் போட்டு மனுவோடு இணையுங்கள். வணிகப் பகுதி என்று நகரமைப்புத் திட்டத்தில் குறிக்கப்பட்ட இடத்துக்குத் தூர விதி பொருந்தாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடை வந்தபின் எதிரே பிள்ளையார் கோயில் கட்டினாலும் பயன் இல்லை. முன்பே இருந்தது மட்டுமே கணக்கில் வரும்.

தூரத்தில் தோற்றாலும் பங்காளிகள் பக்கம் ஒரு வழி இருக்கிறது. பெரிய வீடு ஒருவர் பெயரில் இருப்பது அபூர்வம். பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும், பாதிப் பேர் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். பாகப்பிரிவினை ஆகாத வீட்டை ஊரில் இருக்கும் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு வாடகைக்கு விட்டிருந்தால் மற்றப் பங்குதாரர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். பட்டா நகலும் வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள். மற்றப் பங்காளிகளிடம் பேசுங்கள், அவர்களுக்குச் செய்தியே போய்ச் சேர்ந்திருக்காது. தெருவில் உட்கார்ந்து போராடுவதைவிட இது பல இடங்களில் சீக்கிரம் வேலை செய்யும் என்பது என் கருத்து.

மனுவை எந்தக் கலெக்டருக்குக் கொடுப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் சிவகங்கை மாவட்டம். கடியாபட்டி, ராயவரம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கலால் உதவி ஆணையருக்கும் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் பதிவுத் தபாலில் நகல் அனுப்புங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். கதவு எண், தூரம், பள்ளி விடும் நேரம் எல்லாம் தீர்மானத்திலேயே இருக்கட்டும். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட இந்த ஆவணங்கள்தான் கைகொடுக்கும்.

கடை வேண்டும் என்பவர்களையும் குடிகாரர்கள் என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் கடை இல்லாவிட்டால் பக்கத்து ஊருக்குப் போய்க் குடித்துவிட்டு இருட்டில் பைக்கில் திரும்புவார்கள் என்று அவர்கள் சொல்வது நியாயமான கவலை.

வெறும் இரவுக் கடைதான் என்றால் தடுக்காதீர்கள் என்பேன். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறக்க 2019-இலேயே அரசாணை வந்தது. நடுராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குபவருக்கும், குழந்தைக்குப் பால் தேடுபவருக்கும் அப்படி ஒரு கடை வேண்டும். ஆனால் ஊர்க் கூட்டத்தில் நிபந்தனைகளை எழுதி வாங்குங்கள்: வாசலில் விளக்கும் கேமராவும் இருக்க வேண்டும், உட்காரத் திண்ணை கூடாது, பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் விற்கக் கூடாது. இந்த இரண்டும் ஊறுகாய்ப் பொட்டலமும் ஒரே இடத்தில் கிடைத்தால் ஒரு வாரத்தில் அந்தத் தெருவே பார் ஆகிவிடும். இரண்டும் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை என்பதால், விற்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் கொடுத்துப் பறிமுதல் செய்யச் சொல்லலாம்.