மிச்சம் யார் கணக்கில்?

கேள்வி: எனக்கு வயது 41. ஏழு மாதத்தில் 11 கிலோ குறைத்திருக்கிறேன். தினமும் 1400 கலோரிக்கு மேல் போகாமல், சாப்பிடுவதை எல்லாம் போனில் ஒரு செயலியில் எழுதி வருகிறேன். அடுத்த மாதம் கணவர், 13 வயது மகன், 8 வயது மகளோடு பத்து நாள் சுற்றுலா போகிறோம். மூன்று வேளையும் வெளிச்சாப்பாடுதான். போன வருடம் இதே மாதிரி ஒரு வாரம் போய்வந்தபோது மூன்று கிலோ ஏறியிருந்தது. அந்த வெறுப்பில் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இந்த முறை காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கலாம், மற்ற வேளைகளில் எனக்கென்று எதுவும் ஆர்டர் செய்யாமல் இருக்கலாம் என்று நினைக்கிறேன் (பிள்ளைகள் மிச்சம் வைப்பதை வீணாக்க மனசு வராது, அதைக் கொஞ்சம் கொறித்துக்கொள்வேன், அவ்வளவுதான்). எடை பார்க்கும் மெஷினையும் பெட்டியில் வைத்துக்கொள்ளப் போகிறேன். பத்து நாளும் 1400ஐத் தாண்டாமல் இருக்க வேறு என்ன செய்யலாம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விடுமுறை நெருங்கினால் இந்தக் கேள்வி எனக்குக் கட்டுக்கட்டாக வரும். கேட்பவர்தான் மாறுவார், கேள்வி மாறாது. அதற்கான பதில் சின்னது, பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் அடைப்புக்குறிக்குள் போவோம். சொல்ல வேண்டிய விஷயத்தை எல்லாம் அதற்குள் ஒளித்துவைத்துவிட்டு, வெளியே வேறு ஏதோ கேட்டிருக்கிறீர்கள்.

"அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்களே, எவ்வளவு?

நான் சொல்கிறேன். பையன் ஆசைப்பட்டு வாங்கிய பொரித்த அயிட்டத்தில் மேலே மொறுமொறுவென்று இருப்பதைத் தின்றுவிட்டு, அடியில் எண்ணெயில் ஊறிக் கிடப்பதை ஒதுக்கிவைப்பான். பெண் பெரிய டம்ளரில் இனிப்புப் பானம் கேட்டு அடம்பிடித்து வாங்கி, பாதியில் "போதும்மா" என்பாள். உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் தட்டை உங்கள் பக்கம் நகர்த்தி "இதை முடிச்சிடேன்" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டுமே ஏறத்தாழ 120 கலோரி. மூன்று தட்டு மிச்சம், அதுவும் வேளைக்கு வேளை என்றால், நாளைக்கு 300 கலோரி என்பது தாராளமான மதிப்பீடே இல்லை. கையைச் சுருக்கிக்கொண்டு போட்ட கணக்கு.

இந்த 300ஐ உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்ணோடு வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. குறைந்த 11 கிலோவையும் கொழுப்பு என்றே வைத்துக்கொண்டால் 84,700 கலோரி. ஏழு மாதம், அதாவது 210 நாளால் வகுத்தால் நாளைக்கு 400 வருகிறது. உடம்பு செலவழிப்பதைவிடத் தினம் சுமார் 400 கலோரி குறைவாகச் சாப்பிட்டு, ஏழு மாதம் விடாமல் பிடித்து இந்த 11 கிலோவைக் குறைத்திருக்கிறீர்கள். அந்த நானூறில் முந்நூறைத் தின்னப் போவதுதான் அந்த "அவ்வளவுதான்".

வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். செயலியில் எதை எழுதுகிறீர்கள்? உங்கள் தட்டில் நீங்கள் போட்டுக்கொண்டதை. பாத்திரம் கழுவுமுன் வாயில் போட்டுக்கொண்டதை எழுதினீர்களா? 1992இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. "1200 கலோரிகூடச் சாப்பிடுவதில்லை, ஆனாலும் எடை குறையமாட்டேன் என்கிறது" என்று சொன்ன பத்துப் பேரைச் சோதித்தார்கள். அவர்கள் உடம்பு கலோரியைச் செலவழிப்பதில் ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டதைத்தான் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அத்தனை பேரும் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நின்றபடி தின்றது, அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்தது, ருசி பார்த்தது, இதெல்லாம் சாப்பாடு என்று யாருக்கும் மனதில் பதிவதில்லை. உங்களுக்கும் பதிவதில்லை. அதனால்தான் அடைப்புக்குறி.

கலோரியோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீட்டமாட்டேன். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நாலு பேர் போகிறீர்கள், மேசைக்கு மூன்று தட்டு வருகிறது. நாலாவது ஆள் மற்ற மூன்று பேரும் எப்போது கையை எடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பத்து நாள், இப்படி. இதற்கு உணவுக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். எடை குறைக்க ஆரம்பித்த பிறகு வந்த பழக்கமா இது? இருக்காது. இருபது வயதுப் பெண்ணாக இருந்தபோது உங்களுக்கென்று ஒரு தட்டு இருந்திருக்கும். எந்த வருடத்தில் அது காணாமல் போனது என்று யோசித்துப் பாருங்கள், பிள்ளைகளின் வயதோடு பொருந்தும்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்வதில் ஒரு பெருமையும் இருக்கிறது அம்மா. இல்லை என்று சொல்லாதீர்கள். என் அம்மாவுக்கும் இருந்தது. அவர் தட்டு எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதை விரல் விட்டு எண்ணிவிடுவேன். அதை ரொம்ப நாள் தியாகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், நாங்கள் மூன்று பேரும் எவ்வளவு வேண்டும் என்று அளந்து கேட்கக் கற்றுக்கொள்ளாமலே வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மிச்சத்துக்கு அம்மா இருக்கிறாள் என்றால் எந்தப் பிள்ளை அளந்து கேட்கும்? உங்கள் எட்டு வயது மகள் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பெரியவள் ஆனால் தன் தட்டு எங்கே போகும் என்று அவள் இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சிதான், விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கடமை குடும்பத்துக்கே பொது. உங்கள் ஒருத்தி வயிற்றில் ஏன் இறக்கிவைக்க வேண்டும்? பசிக்காமல் தின்றதும் வீண்தான், கண்ணுக்குத் தெரியாமல் வீணாகிறது. ஆகவே ஆர்டர் கொடுக்கிற இடத்திலேயே பிடியுங்கள். முதலில் குறைவாகச் சொல்லுங்கள், போதாவிட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், யாரும் கையைக் கட்டிப்போடவில்லை. பெரிய பானம் ஒன்று, டம்ளர் இரண்டு. பதின்மூன்று வயதுப் பையன் கேட்டு வாங்கியதை அவனே முடிக்கட்டும். முடியாவிட்டால் கட்டித் தரச் சொல்லி அவன் கையில் கொடுங்கள், அடுத்த பசிக்கு ஆகும். சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அறையில் குளிர்பெட்டி இருந்தால்தான் இது சரிப்படும். இரண்டு வேளை தன் மிச்சத்தைத் தானே சுமந்தால் மூன்றாவது வேளை அளந்து கேட்பான். கணவருக்கும் இதே சட்டம். இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வைத்தால் நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

போன வருடத்து மூன்று கிலோ முதலில். மூன்று கிலோ கொழுப்பு என்றால் 23,100 கலோரி. ஏழு நாளில் அது சேர வேண்டுமானால் உடம்புக்கு வேண்டியதைத் தின்ற பிறகு, அதற்கு மேல் தினம் 3300 கலோரி தின்றிருக்க வேண்டும். தின்றீர்களா? மாட்டீர்கள். மெஷின் காட்டியதில் பெரும்பகுதி தண்ணீர். குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த உடம்புக்குத் திடீரென்று மாவுச்சத்து கூடுதலாகக் கிடைத்தால் கல்லீரலும் தசையும் அதைக் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். இதிலேயே ஒன்றரை, இரண்டு கிலோவரை ஏறி இறங்கலாம். வெளிச்சாப்பாட்டின் உப்பு தன் பங்குக்கு நீரைப் பிடித்துவைக்கும். மணிக்கணக்கில் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் வீங்கும், ஊர் மாறினால் மலச்சிக்கல் வரும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் ஏழெட்டு நாளில் இதில் பெரும்பகுதி தானே வடிந்துவிடும். நீங்கள் அந்த ஏழெட்டு நாள் பொறுக்கவில்லை. ஒரு காலையில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு, மாதக்கணக்கில் பட்ட பாட்டைத் தூக்கிப் போட்டீர்கள். சுற்றுலா கெடுத்ததைவிட அந்த ஒரு காலை அதிகம் கெடுத்திருக்கிறது.

இதைச் சொன்னேன் என்பதற்காக எதுவும் ஏறாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று முதல் மூன்று வாரம் விடுமுறை போன 122 பேரை எடைபோட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. சராசரியாக முந்நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல் ஏறியிருந்தது. பயமுறுத்தும் எண் இல்லை. ஆனால் திரும்பி வந்து ஆறு வாரம் கழித்தும் அது இறங்கவில்லை. சின்ன எண்தான் நைசாக உட்கார்ந்துகொள்ளும்.

மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நல்ல நடைச் செருப்பு ஒன்று வையுங்கள்.

1400ஐயும் பத்து நாளைக்கு விடுங்கள். ஏழு மாதக் கணக்கில் உங்களுக்குத் தினம் விழுந்த துண்டு 400 என்று பார்த்தோம். அதைச் சேர்த்தால் 1800. அந்த அளவில் எடை ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது, ஏறத்தாழ அப்படியே நிற்கும். அப்படியே நிற்பதுதான் சுற்றுலாவில் உங்கள் வேலை. இடையில் நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அந்தப் பயம் ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்தது. ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி என்ற இருவர், மனிதர்கள் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று பார்க்கவே, எடை குறைத்துக்கொண்டிருந்தவர்களை வேண்டுமென்றே சில வாரம் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியவர்கள் திரும்ப வந்து தொடர்ந்தார்கள். கடைசியில் இடைவெளி விட்டவர்களுக்கும் விடாதவர்களுக்கும் குறைந்த எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. 2003இல் வெளியிட்டார்கள். சொல்லி வைத்து எடுக்கும் இடைவெளி வேறு, வெறுத்துப் போய் விடுவது வேறு. போன வருடம் நீங்கள் செய்தது இரண்டாவது.

காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கும் யோசனை உங்களுக்கு ஆகாது. காலையில் சாப்பிடாமலே நன்றாக இருப்பவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் மதியம் தங்களுக்கென்று ஒரு தட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். நீங்கள் வெறும் வயிற்றோடு அலைந்துவிட்டு, சொந்தத் தட்டு இல்லாமல், மூன்று பேர் மிச்சத்துக்கு முன்னால் உட்காரப் போகிறீர்கள். அங்கே கொறிப்பது என்ற சொல்லுக்கே இடம் இருக்காது. காலையில் முட்டையோ தயிரோ பருப்போ, புரதம் உள்ளதாக நிறையச் சாப்பிடுங்கள், மதியம் வரை தாங்கும். மதியமும் இரவும் உங்களுக்கென்று ஒன்று ஆர்டர் செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். அதை உட்கார்ந்து, சூடாக, முதல் ஆளாகச் சாப்பிட ஆரம்பியுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் போதும், கலோரியைக் குடித்துத் தீர்க்காதீர்கள். ஒரு நாள் இனிப்பு சாப்பிட ஆசை வந்தால் முழுசாக ஒன்று வாங்கிச் சாப்பிடுங்கள். மகளிடம் ஒரு வாய் வாங்கி, மகனிடம் ஒரு வாய் வாங்கித் திருடன் மாதிரி தின்ன வேண்டாம். செயலியில் எழுதுவதாக இருந்தால் உங்கள் தட்டோடு அடுத்தவர் தட்டிலிருந்து வந்ததையும் எழுதுங்கள். அதைச் செய்ய முடியாது என்றால் பத்து நாளும் எழுதவே வேண்டாம். பாதிக் கணக்கு எழுதுவதைவிட அது மேல்.

நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நிறைய நடங்கள், பார்க்க வந்ததைப் பார்க்க அதுதான் நல்ல வழி. தின்றதைக் கரைக்க என்று நடக்காதீர்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஐம்பது, அறுபது கலோரிதான் போகும், அந்த வியாபாரம் கட்டாது.

வீடு திரும்பிய மறுநாளே பழைய 1400க்குப் போய்விடுங்கள், களைப்பாக இருக்கிறது என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். எட்டாம் நாள் காலை மெஷினில் ஏறிப் பாருங்கள், அதற்கு முன் வேண்டாம். அந்த எண்ணை எனக்கு எழுத வேண்டியதில்லை. சுற்றுலாவின் முதல் நாள் இரவு மேசைக்கு எத்தனை தட்டு வந்தது என்று மட்டும் எழுதுங்கள்.